அப்கிரேடு ஆச்சு, வைஃபை படுத்துருச்சு: வேகம் எந்த எண்ணில் நிக்குதுன்னு பாருங்க

ஓஎஸ் அப்கிரேடு பண்ணின மறுநாள் வைஃபை சுத்தமா வேலை செய்யாமப் போனா, ஒரு வகையில் அது நல்ல செய்தி. எர்ரர் வரும். அந்த எர்ரரை அப்படியே தேடலில் போட்டா, உலகத்தில் எங்கேயோ ஒருத்தர் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்து பதிலும் எழுதி வெச்சிருப்பார். உண்மையான தொல்லை வேற. வைஃபை கனெக்ட் ஆகும், சிக்னல் முழுசா காட்டும், பக்கங்களும் திறக்கும். ஆனா எல்லாமே மாட்டு வண்டி வேகத்தில்.

இதுக்குக் காரணம் வைஃபையின் பிறவிக் குணம். ஆக்சஸ் பாயிண்டும் நம்ம லேப்டாப்பும் முதல்ல பேசிக்கும்போது, ரெண்டு பேருக்கும் எது எது முடியும்னு பட்டியல் போட்டு, ரெண்டு பேராலும் முடிந்த அளவுக்கு இறங்கி வந்து கைகுலுக்கிக்கும். ஒரு வசதி இல்லைன்னா சண்டை போடாது. ஒரு படி கீழே இறங்கி வேலையைத் தொடரும். அப்கிரேடில் ஒரு டிரைவரோ ஒரு கான்ஃபிக் வரியோ காணாமப் போனா, அந்த இழப்பு எர்ரராக வெளியே வராது, வேகக் குறைவாகத்தான் வரும்.

ஆனா இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கு. இறங்கும் படிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பிட்ட எண் உண்டு. வேகம் 'ரொம்ப ஸ்லோ' என்பதோடு நிறுத்தாமல், எந்த எண்ணில் போய் நிக்குதுன்னு அளந்தா, பாதி நேரம் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிடும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பத்தித்தான்.

நம்ம ப்ராஜெக்ட் லேபில் நடந்ததையே உதாரணமா எடுத்துக்கலாம். ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் உபுண்டு, அதுதான் ஆக்சஸ் பாயிண்ட். உள்ளே ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டு, அது லேப்டாப்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸில். வெளியே ஒரு யூஎஸ்பி அடாப்டர், அது ஈஎஸ்பி32 கேமரா போர்டுகளுக்கு 2.4-இல். ஈஎஸ்பி32-க்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது, அதனால் இந்தப் பாகப்பிரிவினை. செமஸ்டர் லீவில் மெஷினை 22.04-லிருந்து 24.04-க்குப் புதுசா இன்ஸ்டால் செய்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கேமரா வீடியோ விக்கி விக்கி வருது, கிட் புல் அடிச்சா டீ குடிச்சிட்டு வரலாம். ரெண்டாம் ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள். பழைய கான்ஃபிக் ஃபைலை எழுதிய சீனியர்கள் பாஸ் அவுட் ஆகிப் போயாச்சு, ஃபைலுக்குக் காப்பியும் இல்லை.

(ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கம்போல அடிங்க.)

எங்கே அளப்பது

ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் போய் அளக்கிறதுதான் எல்லாரும் முதலில் செய்யும் வேலை. அதை முதலில் செய்யாதீங்க. அந்த எண்ணில் வைஃபை, லேன் கேபிள், காலேஜ் ஃபயர்வால், இன்டர்நெட் லைன் எல்லாம் கலந்திருக்கும். சாயங்காலம் ஹாஸ்டல் முழுக்க கிரிக்கெட் பார்க்கும்போது வரும் எண்ணை வெச்சு டிரைவரைக் குறை சொல்ல முடியாது.

ஐபெர்ஃப்3 என்ற டூலை ஆக்சஸ் பாயிண்ட் பெட்டியிலேயே சர்வராக ஓட விடுங்க. லேப்டாப்பை அதே ரூமில், ரெண்டு மூணு மீட்டர் தூரத்தில் வெச்சு கிளையண்டாக ஓட்டுங்க. இப்போ இடையில் இருப்பது காற்று மட்டும்தான். ஒரு தடவை சாதாரணமா ஓட்டிட்டு, இன்னொரு தடவை மைனஸ் பெரிய ஆர் போட்டு எதிர்த் திசையிலும் ஓட்டணும். லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் வேகம் நல்லா இருந்து, பெட்டியிலிருந்து வரும் வேகம் மட்டும் படுத்தா, சந்தேகம் பெட்டியின் டிரைவர் மேல். தலைகீழா இருந்தா லேப்டாப்பைப் பாருங்க. அப்கிரேடு ஆனது அதுவாகவும் இருக்கலாம்.

கூடவே பெட்டியில் 'ஐடபிள்யூ டெவ்' என்று அடித்து, இன்டர்ஃபேஸ் பெயர் கொடுத்து, 'ஸ்டேஷன் டம்ப்' கேளுங்க. கனெக்ட் ஆகியிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் சிக்னல், லிங்க் வேகம், எத்தனை பாக்கெட்டை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது எல்லாம் வரும். லிங்க் வேகம் என்பது காற்றில் பிட்கள் பறக்கும் வேகம். கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி. மீதி எல்லாம் காத்திருப்பு, ஒப்புகை, ஹெடர் என்று கரைஞ்சு போயிடும். 54 மெகாபிட் லிங்கில் 20-லிருந்து 25 வந்தாலே அது நியாயமான வேகம்தான்.

எண்கள் என்ன சொல்லுது

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஐபெர்ஃப் எண் 20-ஐச் சுற்றியே நிக்குது, லிங்க் வேகம் 54-ஐத் தாண்டவே மாட்டேங்குது என்றால், நீங்க 2003-ஆம் ஆண்டின் 802.11ஜி-யில் மாட்டியிருக்கீங்க. கார்டு எவ்வளவு புதுசா இருந்தாலும் சரி. 2009-இல் வந்த 802.11என் வசதி எதுவோ தடுக்கப்பட்டிருக்கு.

லிங்க் 72.2-இல் நிக்குதுன்னா, என் வேலை செய்யுது, ஆனா ஒரே ஒரு ஸ்ட்ரீம், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஒரே ஆன்டெனா உள்ள ஃபோன், விலை குறைந்த அடாப்டர் என்றால் அது அதோட உச்சம். குறை சொல்லிப் பயனில்லை. ரெண்டு ஆன்டெனா உள்ள லேப்டாப்பில் இந்த எண் வந்தா, ஒரு ஆன்டெனா வயர் கழன்றிருக்கான்னு பார்க்கணும். 144.4 என்றால் ரெண்டு ஸ்ட்ரீம், அதே 20 அகலம். 300 என்றால் 40 அகலம். 866.7 வந்தா 802.11ஏசி, 80 மெகாஹெர்ட்ஸ், ரெண்டு ஸ்ட்ரீம், சந்தோஷமா இருக்கலாம்.

லிங்க் வேகம் பெருசா காட்டுது, ஆனா கைக்கு வருவது சரியா 94-ஐத் தாண்டலை என்றால் வைஃபையை விட்டுடுங்க. அது 100 மெகாபிட் ஈதர்நெட்டின் கையெழுத்து. பெட்டிக்குப் பின்னால் உள்ள வேறொரு மெஷினை அளக்கும்போதுதான் இது தெரியும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நாலு ஜோடி வயரும் வேணும், 100-க்கு ரெண்டு ஜோடி போதும். மெஷினை நகர்த்தி வெச்சப்போ ஆர்ஜே45 முனையில் ஒரு வயர் விட்டுப் போயிருந்தா, அதுவும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிடும். வைஃபைக்கு மட்டும்தான் இந்தக் குணம்னு நினைக்காதீங்க.

எண் 6, 7, 8 என்று ஒற்றை இலக்கத்தில், ஆனா ஆடாமல் அசையாமல் நிக்குதா? யூஎஸ்பி அடாப்டர் என்றால் 'எல்எஸ்யூஎஸ்பி மைனஸ் டி' அடிங்க. அடாப்டர் பக்கத்தில் 12எம் என்று இருந்தா, அது யூஎஸ்பியின் பழைய ஃபுல் ஸ்பீடில் ஓடுது. 480எம் என்றால் யூஎஸ்பி 2, 5000எம் என்றால் யூஎஸ்பி 3. சில ரியல்டெக் அடாப்டர்கள் யூஎஸ்பி 2 ஆகத்தான் எழுந்திரிக்கும், டிரைவரில் ஒரு ஆப்ஷன் கொடுத்தால்தான் 3-க்கு மாறும். புது இன்ஸ்டாலில் அந்த ஆப்ஷன் ஃபைல் போயிருந்தா, வேகமும் போயிடும்.

எண் நிலையாக நிற்காமல் மேலும் கீழும் ஆடினால் அது வேற ரகம். பெட்டிக்கு பிங் போட்டுப் பாருங்க. 2 மில்லிசெகண்டில் வரும் பதில் அப்பப்போ 100 வரைக்கும் தாவுதுன்னா, பவர் சேவ் மேல் சந்தேகப்படுங்க. ஆக்சஸ் பாயிண்ட்கள் வழக்கமா 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பீக்கன் அனுப்பும்; தூங்கும் கார்டு அதைக் கேட்கத்தான் எழுந்திரிக்கும். நெட்வொர்க் மேனேஜர் கான்ஃபிக்கில் வைஃபை பவர்சேவ் என்ற வரி 3 என்றால் ஆன், 2 என்றால் ஆஃப். பேட்டரி சேமிப்புக்காக ஆன் பண்ணி வைக்கிறார்கள், தப்பு சொல்ல முடியாது. ஆனா பிளக்கில் இருக்கும் லேப்டாப்புக்கு அது தேவையே இல்லை.

டவுன்லோடு வேகமா வருது, ஆனா ஒவ்வொரு புதுத் தளமும் திறக்க மட்டும் 5 விநாடி யோசிக்குதுன்னா அது வேகப் பிரச்சினையே இல்லை, டிஎன்எஸ். கொடுத்த ரெண்டு சர்வரில் முதலாவது செத்திருக்கும். லினக்ஸ் 5 விநாடி காத்திருந்துட்டு அடுத்ததைக் கேட்கும்.

பழைய கெர்னல் என்னும் சாட்சி

கான்ஃபிக்கைக் கிளறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கு. பலர் இதைத் தாண்டிப் போயிடுவாங்க. ரிலீஸ் அப்கிரேடு செய்த மெஷினில் பழைய கெர்னல் பெரும்பாலும் இன்னும் டிஸ்கில் இருக்கும். 22.04-இன் ஆரம்பக் கெர்னல் 5.15, 24.04-இல் 6.8. பூட் ஆகும்போது கிரப் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய்ப் பழையதைத் தேர்ந்தெடுங்க. மற்ற எல்லாம் புதுசு, கெர்னல் மட்டும் பழசு. இப்போ வேகம் திரும்பி வந்தா குற்றவாளி கெர்னலும் டிரைவரும் இருக்கும் பக்கம். வரலைன்னா கான்ஃபிக் பக்கம். ஒரே ஒரு ரீபூட்டில் தேடும் இடம் பாதியாகுது. இதைப் பார்த்து முடிக்கும் வரைக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைத் தொடாதீங்க, சாட்சியை அது அழிச்சிடும்.

புது இன்ஸ்டால் என்றால் பழைய கெர்னல் இருக்காது. பழைய பதிப்பை லைவ் பென்டிரைவில் போட்டு அதே மெஷினை எழுப்பி அளக்கலாம்.

கெர்னல் பக்கம் என்று தெரிந்தா டிமெசேஜ் படிங்க. ஃபர்ம்வேர் லோடு ஆகலை என்ற வரி இருக்கான்னு பாருங்க. சில கார்டுகள் புது ஃபர்ம்வேர் கிடைக்காட்டி, இருக்கும் பழசை எடுத்துக்கிட்டு ஓடும். டெபியன் பயன்படுத்துறவங்களுக்கு இதில் தனிப் பொறி ஒன்று உண்டு. 2023-இல் வந்த டெபியன் 12-இல் ஃபர்ம்வேர்களை மட்டும் தனிப் பிரிவாக்கிட்டாங்க. 11-லிருந்து வந்தவர்கள் சோர்ஸ் லிஸ்டில் அந்தப் புதுப் பிரிவின் பெயரைச் சேர்க்கலைன்னா, ஃபர்ம்வேர் அப்டேட் வருவதே நின்னுடும்.

யூஎஸ்பி அடாப்டரோட கதை வேற. ரியல்டெக் சிப் உள்ள பல அடாப்டர்களுக்கு, கிட்ஹப்பிலிருந்து எடுத்த டிரைவரை டிகேஎம்எஸ் மூலம் போட்டிருப்போம். கெர்னல் மாறினா அதை மறுபடி கம்பைல் பண்ணணும். புதுக் கெர்னலில் உள்ளே ஒரு ஃபங்ஷன் மாறியிருந்தா கம்பைல் தோற்கும். அப்போ கெர்னலோடு வரும் டிரைவர் ஏதாவது அந்த அடாப்டரைப் பிடிச்சுக்கிட்டு, குறைந்த வசதியோடு ஓட்டும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று கேட்டா ரெண்டே விநாடியில் உண்மை தெரியும். லேபில் யூஎஸ்பி அடாப்டர் முழுக்கவே ஊமையாகிப் போனது இப்படித்தான்: புது இன்ஸ்டாலில் அந்த டிரைவரே போடப்படலை. அதனால் ஈஎஸ்பி32-க்களும் லேப்டாப்களும் எல்லாம் ஒரே கார்டில், ஒரே 2.4-இல் வந்து குவிஞ்சுட்டாங்க.

கான்ஃபிக் ஃபைலில் ஒளிந்திருப்பவை

அந்த ஒரே கார்டிலும் எண் 20-ஐத் தாண்டலை, லிங்க் 54. மேலே சொன்னபடி, என் தடுக்கப்பட்டிருக்கு. ஹோஸ்ட்ஏபிடி-யை டீபக் முறையில் ஓட்டிப் பார்த்தா அதுவே வாயைத் திறந்து சொல்லுது: சிசிஎம்பி அல்லது ஜிசிஎம்பி இல்லாததால் ஹெச்டி வசதிகளை நிறுத்துகிறேன் என்று. சீனியர்களின் ஃபைல் இல்லாததால், இணையத்தில் கிடைத்த பழைய டுடோரியல் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டிய ஃபைல் அது. பேர்வைஸ் வரியில் டிகேஐபி மட்டும் இருந்தது. டிகேஐபி பழைய வெப் முறைக்குப் போட்ட ஒட்டு. அதன் மேல் என் வேகங்களை ஓட்டக் கூடாது என்பது விதி. அதை சிசிஎம்பி ஆக்கணும். ஹெச்டபிள்யூ மோட் ஜி என்பதோடு, 80211என் வரி 1 என்று இருக்கணும். டபிள்யூஎம்எம் வரி 0 ஆக இருக்கவே கூடாது. என் முறைக்கு அது கட்டாயம்.

இதை மாற்றினதும் லேப்டாப்களுக்கு லிங்க் 144.4 ஆச்சு. சரி, ஆனா இன்னும் 2.4-இல்தான். சேனல் 36 கொடுத்தா ஹோஸ்ட்ஏபிடி ஸ்டார்ட் ஆகவே மறுக்குது.

'ஐடபிள்யூ ரெக் கெட்' அடிச்சா காரணம் வரும்: நாடு 00. எந்த நாட்டில் இருக்கோம்னு கெர்னலுக்குத் தெரியலை, அதனால் எந்த நாட்டுச் சட்டத்தையும் மீறாத பொது விதியைப் பிடிச்சிருக்கு. அந்தப் பொது விதியில் 5 கிகாஹெர்ட்ஸில் தானாக ஒலிபரப்பைத் தொடங்க அனுமதி கிடையாது. கேட்கலாம், சேரலாம், ஆக்சஸ் பாயிண்டாக இருக்க முடியாது. 'ஐடபிள்யூ லிஸ்ட்' பார்த்தா அந்தச் சேனல்களுக்குப் பக்கத்தில் நோ ஐஆர் என்று இருக்கும். கான்ஃபிக்கில் கன்ட்ரி கோட் ஐஎன் என்று ஒரே வரி சேர்த்ததும் 36 திறந்தது. அதற்குமேல் 80211ஏசி வரி 1, அகலம் 80, மையச் சேனல் 42 என்று கொடுத்தா 866.7.

கன்ட்ரி கோட் போட்டும் 00 போகலைன்னா, டிமெசேஜில் ரெகுலேட்டரி டிபி லோடு ஆகலை என்ற வரியைத் தேடுங்க. 4.15 கெர்னலிலிருந்து நாட்டு விதிகளைக் கெர்னல் நேரடியாக அந்த ஃபைலிலிருந்து படிக்க முடியும். வயர்லெஸ் ரெக்டிபி பேக்கேஜ் இல்லாத மெஷினில் அந்த ஃபைலும் இருக்காது. இருக்கும் ஃபைலும் புதுசா இருக்கணும். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும் பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018-இல்தான் திறந்துவிட்டாங்க.

இன்டெல் கார்டு வெச்சிருக்கிறவங்க இங்கே கொஞ்சம் மனசைத் தேத்திக்கணும். அந்தக் கார்டுகள் பல, எந்த நாடு என்பதை ஃபர்ம்வேரே முடிவு செய்யும். நாம் சொல்வதைக் கேட்காது. அதை நிறுத்த முன்பு ஒரு மாட்யூல் ஆப்ஷன் இருந்தது, பிறகு கெர்னலிலிருந்து எடுத்துட்டாங்க. பழைய கெர்னலில் 5-இல் ஓடிய ஹாட்ஸ்பாட், அப்கிரேடுக்குப் பிறகு 2.4-க்கு இறங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கார்டை மாற்றுவதைத் தவிர எனக்குத் தெரிந்து சுத்தமான வழி இல்லை.

2.4-இல் 40 அகலம் கொடுத்தும் 20-ஆகவே நிக்குதேன்னு ஹோஸ்ட்ஏபிடி-யோடு மல்லுக்கட்டாதீங்க. அது ஸ்டார்ட் ஆகும்போது சுற்றுமுற்றும் ஸ்கேன் பண்ணும், பக்கத்து ஆக்சஸ் பாயிண்ட்கள் இடிச்சா 20-க்கு இறங்கிடும். ஹாஸ்டலில் எப்பவுமே இடிக்கும். அந்தச் சோதனையை நீக்கும் பேட்ச் சுத்துது, போடாதீங்க. மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ஒருத்தர் 40-ஐப் பிடிச்சா பக்கத்து ரூம்காரன் எங்கே போவான்?

விண்டோஸ் லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டாக வெச்சிருக்கிறவங்களுக்கும் தத்துவம் இதேதான். 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' கொடுத்தா ரேடியோ வகை, சேனல், லிங்க் வேகம் வரும். மொபைல் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்ட் 5-இல் இருக்கான்னு பாருங்க. டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் பட்டன் உயிரோடு இருந்தா அதை முதலில் முயற்சி பண்ணுங்க.

எல்லாம் சரி, இன்னும் ஸ்லோ

லேபில் லேப்டாப்கள் 5-க்குப் போயாச்சு. கேமரா போர்டுகள் மட்டும் 2.4-இல், டிரைவர் திரும்பப் போட்ட யூஎஸ்பி அடாப்டரில். அப்பவும் நாலு கேமராவில் ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தா, நாலு வீடியோவும் திணறும். இதில் அப்கிரேடுக்குச் சம்பந்தமே இல்லை, ஆனா அப்கிரேடு மேல்தான் பழி விழும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கருவி 65 மெகாபிட் லிங்க், இன்னொன்று தூரத்தில், 6.5. வைஃபை சாதாரணமா ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று முறை வைக்கும், ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று வைக்காது. தூரத்துக்காரர் ஒரு பாக்கெட்டுக்குப் பத்து மடங்கு நேரம் எடுத்துக்குவார். ஒரு மெகாபிட் அனுப்ப ஒருவருக்கு 1/65 விநாடி, மற்றவருக்கு 1/6.5 விநாடி. ரெண்டையும் கூட்டினா 0.169 விநாடியில் ரெண்டு மெகாபிட், அதாவது மொத்தம் 11.8, ஆளுக்கு 5.9. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 65-காரருக்கும் அதே 5.9தான்! மற்ற இழப்புகளைச் சேர்த்தா இன்னும் குறையும். 2003-இலேயே ஹ்யூஸ் முதலான பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இதை 802.11பி-யில் எடுத்துக் காட்டினார்கள். 2017-இல் ஹாய்லண்ட் யோர்கன்சன் குழு, லினக்ஸில் பாக்கெட்டுக்குப் பதில் காற்று நேரத்தைச் சமமாகப் பங்கிடும் முறையைக் காட்டினார்கள். ஆனா அந்தப் பங்கீடு எல்லா டிரைவருக்கும் கிடைக்காது. அதோடு, அது ஆக்சஸ் பாயிண்ட் அனுப்பும் பாக்கெட்டுகளை நேரடியாகக் கட்டுப்படுத்தும். கேமராக்கள் தாங்களே அனுப்புவதை அது தொடாது.

அதனால் அந்த நாலாவது கேமராவுக்கு எந்தக் கட்டளையும் உதவாது. ஸ்டேஷன் டம்ப்பில் யாருடைய சிக்னல் மைனஸ் 80-க்குப் பக்கத்தில் இருக்குன்னு பார்த்து, அந்தப் போர்டை சுவருக்கு இந்தப் பக்கம் நகர்த்தணும். நகர்த்த முடியாட்டி, அதன் வீடியோ அளவைக் குறைக்கணும்.